நானே பறித்ததாக எழுதிய செடி

மேடத்தின் வாழ்க்கையையும் சாதனைகளையும் அவருக்கு எடுக்கும் பாராட்டு விழாவின் மலருக்கு நான்தான் எழுதித் தர வேண்டும் என்று பழைய மாணவர் சங்கத்தின் செயலாளர் போனில் கேட்டபோது நான் ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை. உடனே சரி என்றேன். அவருக்கு ஒரே சந்தோஷம். "அவங்ககிட்ட முதல் பி.எச்டி. பண்ணினவர் நீங்கதான் சார். உங்கள விட்டா யாருக்கு சார் தெரியும்?" என்றார். அவர் நினைத்தது ஒன்று, என் கணக்கு வேறொன்று. வேறு யாராவது எழுத உட்கார்ந்து, பழைய காகிதங்களைக் கிளறி, அந்த விவகாரத்தை வெளியே இழுத்துவிடக் கூடாது. ஓய்வு பெற்று, பேரன் பேத்தி எடுத்த பிறகும் என் புத்தி அந்த வழியில்தான் போனது.

நான் மேடம் என்று சொல்வது, தஞ்சாவூரில் நான் படித்த கல்லூரியில் கரிம வேதியியல் பேராசிரியராக இருந்தவரை. வலங்கைமானுக்குப் பக்கத்து ஊர்க்காரர். அப்பா ஏர் ஓட்டினார், அம்மா நடவுக்கும் களையெடுப்புக்கும் போனார். சொந்த நிலம் கிடையாது. அரசு விடுதியில் தங்கிப் படித்து, சென்னையில் ஆராய்ச்சி முடித்து, வெளிநாட்டிலிருந்து வந்த அழைப்பை விட்டுவிட்டுத் தஞ்சாவூருக்கு வேலைக்கு வந்தார். ஏன் போகவில்லை என்று கேட்டால் "செடி இங்கதானே இருக்கு" என்பார். எங்கள் பக்கத்துக் கல்லூரிகளில் கரிம வேதியியலுக்கென்று ஓர் ஆராய்ச்சிக்கூடத்தை முதன்முதலாக உருவாக்கியவர் அவர்தான். அதற்குமுன் எங்கள் துறையில் ஆராய்ச்சி என்றால், யாராவது சென்னைக்குப் போய்ச் செய்துவிட்டு வருவது.

கூடம் என்றால் பெரிதாக நினைக்க வேண்டாம். பழைய விடைத்தாள் கட்டுகளைப் போட்டு வைத்திருந்த அறை அது. அவரே துடைப்பம் எடுத்துச் சுத்தம் செய்தார். மதியத்துக்கு மேல் குழாயில் தண்ணீர் நின்றுவிடும், ஆவியைக் குளிர வைக்கிற கண்ணாடிக் குழாய்க்கோ தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். அலமாரி மேல் ஒரு டிரம்மை ஏற்றி, கீழே வாளி வைத்து, வாளி நிறைந்ததும் திரும்ப டிரம்மில் ஊற்றுவோம். சித்திரை, வைகாசியில் ஈதர் வேலையைக் காலை ஒன்பது மணிக்குள் முடித்துவிட வேண்டும். அதற்கு மேல் பாட்டிலைத் திறந்தால் பாதி காற்றோடு போய்விடும். சின்னக் கண்ணாடித் துண்டுகளில் சிலிக்காவைப் பூசிக் காயவைத்து, ஊறுகாய் பாட்டிலுக்குள் நிறுத்தி, செடிச் சாற்றில் என்னென்ன பொருள் கலந்திருக்கிறது என்று பிரித்துப் பார்ப்போம். பணக்காரக் கல்லூரிகளில் இயந்திரம் செய்த வேலையை அவர் பாட்டிலும் வாளியும் வைத்துச் செய்தார். அவர் அளந்த அளவை வேறு யாரும் தப்பென்று சொன்னதில்லை, அந்த ஒரு தடவையைத் தவிர.

அந்த ஒரு தடவைக்குக் காரணம் நான்.

நான் அவர் ஊருக்குப் பக்கத்து ஊர் மிராசுதார் வீட்டுப் பையன். வேலிக்கணக்கில் நிலம் இருந்த குடும்பம், என் காலத்தில் கொஞ்சம் கரைந்திருந்தது. கொழுப்பு மட்டும் கரையவில்லை. மேடம் மற்ற மாணவர்களை "வாப்பா, போப்பா" என்பார். என்னை மட்டும் "வாங்க, உக்காருங்க" என்றுதான் சொல்வார். அது எனக்கு உரிய மரியாதை என்று நான் எடுத்துக்கொண்டேன். ஒரு பேராசிரியர் தன் மாணவனுக்கு ஏன் அப்படி மரியாதை தர வேண்டும் என்று ஒரு நாளும் எனக்குத் தோன்றவில்லை. இப்போது எழுதும்போது காது சூடாகிறது.

வயல்வரப்பில் முளைக்கிற ஒரு களைச்செடியை மேடம் ஆராய்ச்சிக்கு எடுத்திருந்தார். செடியின் பெயரைச் சொல்லமாட்டேன், சொன்னால் அந்தக் கட்டுரையைத் தேடிக் கண்டுபிடித்துவிடுவீர்கள். பாருங்கள், இன்னும் ஒளிக்கிறேன். செடி நிறைய வேண்டியிருந்தது. எங்கள் வயல்களில் அது மண்டிக் கிடக்கிறது என்று நான்தான் பெருமையாகச் சொன்னேன். மேடம் என்னை உட்கார வைத்து ஒவ்வொன்றாகச் சொன்னார்.

"நீங்களே பறிக்கணும். ஆள் விட்டா மத்த செடியும் கலந்து வந்துடும். வேரோட வேணும். மருந்து அடிச்ச வயலா இருந்தா விட்டுடுங்க. நிழல்ல, வெள்ளைத் துணியில காய வைங்க. பிளாஸ்டிக் படவே கூடாது. பாக்க ஒண்ணும் தெரியாது, ஆனா அதுலேருந்து எண்ணெய் கசிஞ்சு செடியில ஏறிடும்."

எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன்.

எங்கள் வீட்டு ஆண்கள் வரப்பில் குடை பிடித்து நடப்பார்கள், குனியமாட்டார்கள். களை பறிப்பது பெண்கள் வேலை, அதிலும் கூலிப் பெண்கள் வேலை. எம்.எஸ்சி. படித்துவிட்டு வந்து சேற்றில் குனிந்து களை பறிக்கிறான் என்று ஊர் சிரிக்குமே என்று எனக்குக் கூச்சம். அந்தச் செடியை மேடம் தன் கையால் எத்தனையோ தடவை பறித்து வந்ததைப் பார்த்திருக்கிறேன். அவர் பறிக்கலாம், அவருக்குப் பழக்கம் என்று நினைத்தேன். வாய்விட்டுச் சொல்லவில்லை, ஆனால் நினைத்தேன்.

ஆகவே வீட்டுக் காரியங்களைப் பார்த்துக்கொண்டிருந்தவரிடம் சொல்லி எட்டுப் பெண்களை வரவழைத்தேன். ஒரு மாதிரிச் செடியைக் காட்டிவிட்டு மோட்டார் கொட்டகையில் போய் உட்கார்ந்து வாரப் பத்திரிகை படித்தேன். முற்பகலுக்குள் வேலை முடிந்தது. களத்தில், மழை வந்தால் நெல்லை மூடுகிற பிளாஸ்டிக் ஷீட் கிடந்தது. அதை விரித்து நல்ல வெயிலில் செடியைக் கொட்டச் சொன்னேன். நிழலில் போட்டால் பத்து நாளாகும், வெயிலில் மூன்றே நாள். மூன்றாம் நாள் உர மூட்டைச் சாக்குகளில் அடைத்து, தஞ்சாவூர் போனதும் நான் தங்கியிருந்த லாட்ஜ் அறையில் பழைய வேட்டிகளில் மாற்றிக் கட்டிக்கொண்டு கல்லூரிக்குக் கொண்டுபோனேன். அந்த மாற்றிக் கட்டிய வேலைதான் இன்றுவரை என்னை அரிக்கிறது. தெரியாமல் செய்த தவறு என்று என்னால் எனக்கே சொல்லிக்கொள்ள முடியாமல் செய்வது அதுதான்.

ஆய்வுக் குறிப்பேட்டில் யார் பறித்தது, எப்படிக் காயவைத்தது என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். அது மேடத்தின் சட்டம். 'வயல்வரப்பில் நானே பறித்தேன். வெள்ளைத் துணியில் நிழலில் காயவைத்தேன்' என்று அழகான ஆங்கிலத்தில் எழுதினேன். என் கையெழுத்தை எல்லோரும் மெச்சுவார்கள்.

அந்தச் செடியிலிருந்து வெளிர்மஞ்சளாக ஓர் எண்ணெய் வந்தது. அதைத் தடவிய அரிசியை வண்டு அண்டவில்லை. சேமித்த நெல்லையும் அரிசியையும் விஷமில்லாமல் காப்பாற்ற ஒரு வழி கிடைத்துவிட்டது என்று துறையே பரபரத்தது. மேடத்துக்கு மட்டும் சந்தேகம். சோதனை முடிவைக் கையில் வைத்துக்கொண்டு என்னைக் கூப்பிட்டார்.

"பிளாஸ்டிக் எதுவும் படலையே?"

"இல்ல மேடம்."

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. சாக்கு, வாளி, ஷீட், எதுவும்?"

"வேட்டித் துணிதான் மேடம். நீங்களே பாத்தீங்களே."

கட்டுரை அனுப்புவதற்கு முதல் நாள் மூன்றாவது முறையாகக் கேட்டார். நான் கொஞ்சம் கோபப்பட்டுக்கூடக் காட்டினேன். பொய் சொல்கிறவனுக்குக் கோபம் எவ்வளவு கைகொடுக்கும் என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். "சரி, நீங்க சொன்னா சரிதான்" என்றார். கட்டுரை ஓர் ஆய்வுப் பத்திரிகையில் வெளிவந்தது. முதல் பெயர் அவருடையது, அடுத்தது என்னுடையது.

ஒரு வருடம் கழித்து வெளிநாட்டு ஆய்வுக்கூடம் ஒன்றிலிருந்து கடிதம் வந்தது. அதே செடியைத் தாங்களே வளர்த்துப் பார்த்தோம், அந்த எண்ணெய் அதில் இல்லவே இல்லை, அது பிளாஸ்டிக்கை வளைய வைக்க ஆலையில் சேர்க்கிற பொருள் என்று பணிவாக எழுதியிருந்தார்கள். மேடம் மூன்று நாள் லீவு போட்டார். நான்காம் நாள் வந்து, மாதிரி சரியாகக் கையாளப்படவில்லை, பொறுப்பு முழுவதும் தன்னுடையது என்று நாலு வரி எழுதிக் கட்டுரையைத் திரும்பப் பெற்றார். என்னிடம் ஒரு கேள்வி கேட்கவில்லை. அந்த மூன்று நாளும் எனக்குச் சோறு இறங்கவில்லை. நான்காம் நாள் மாலை ரயிலடிக்கு எதிரே நின்று பரோட்டா சாப்பிட்டேன். தப்பித்த சந்தோஷம்.

அவருக்கு நேர்ந்ததைச் சொல்ல வேண்டும். அவர் தலைமையில் எங்கள் கல்லூரிக்கு வர இருந்த ஆராய்ச்சி மையம் வேறு ஊருக்குப் போனது. கருத்தரங்குகளில் அவர் எழுந்து கேள்வி கேட்டால் பின்வரிசையில் சிரிப்பு கேட்கும். ஒருநாள் கேன்டீனில் மூத்த ஆசிரியர் ஒருவர், "கோட்டாவுல வந்தா இப்படித்தான். அவசரம். அடிப்படை கிடையாது" என்றார். மேசையில் நாலு பேர் இருந்தோம். உண்மை தெரிந்தவன் நான் ஒருவன்தான். டீயைக் குடித்து முடித்தேன். நன்றாக நினைவிருக்கிறது, இன்னொரு டீயும் சொன்னேன்.

அப்புறம் வேறொரு செடியில் பட்டம் வாங்கினேன், வெளிநாடு போனேன், திரும்பி வந்து ஒரு மருந்துக் கம்பெனியில் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் சேர்ந்தேன். சிரிக்காதீர்கள். கலப்படம் ஏதும் இல்லை என்று கையெழுத்துப் போடுவதுதான் இருபத்தைந்து வருடம் என் உத்தியோகம்.

மேடம் அதே செடியை விடவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் தானே வரப்பு வரப்பாகப் போய்ப் பறித்தார். இலையை விட்டு வேரைப் பிடித்தார். வேரில் ஒரு கசப்புப் பொருள் இருந்தது. பல வருடம் கழித்து அது வெள்ளைப் படிகமாக வந்தது. அந்தப் பொருளின் அணுக்கள் எப்படிக் கோத்துக் கட்டப்பட்டிருக்கின்றன என்று கண்டுபிடித்ததுதான் அவருடைய பெரிய சாதனை. நல்ல இயந்திரம் கிடையாது. அமிலத்தில் ஒரு துண்டை உடைத்தார், காரத்தில் இன்னொரு துண்டை. ஒவ்வொரு துண்டும் என்ன என்று தனித்தனியாக நிரூபித்தார். பிறகு தலைகீழாக, கடையில் வாங்குகிற சாதாரணப் பொருள்களிலிருந்து தொடங்கி, படிப்படியாக அதே கசப்புப் பொருளைத் தானே கட்டி எழுப்பினார். கட்டியதையும் செடியில் எடுத்ததையும் கலந்து உருக்கினார். இரண்டும் ஒன்றாக இருந்தால்தான் கலவை அதே சூட்டில் உருகும், இல்லாவிட்டால் முன்னாலேயே இளகிவிடும். உருகியது, அதே சூட்டில். அந்தச் செடி மண்டிய இடத்தில் மற்ற விதைகள் ஏன் முளைப்பதில்லை என்பதற்கும் அந்தப் பொருளே விடை சொன்னது. துறைக்காரர்கள் இன்று அந்தப் பொருளைப் பற்றிப் பேசினால் அவர் வேலையில் இருந்துதான் தொடங்க வேண்டும். ஆனால் அவருடைய தெருவிலோ, ஏன் எங்கள் கல்லூரியிலோகூட, அவர் என்ன செய்தார் என்று நாலு வார்த்தை சொல்ல யாருக்கும் தெரியாது.

இதையெல்லாம் மலருக்கு நன்றாகவே எழுதினேன். அந்த எண்ணெய்க் கட்டுரையை அடியோடு விட்டுவிடத்தான் எண்ணம். விட்டால் யாராவது கேட்பார்களே என்று பயந்து, ஒரு வரியில் பூசி மெழுகினேன். 'செடி சேகரித்தவர்களின் கவனக்குறைவால் நேர்ந்த பிழையைப் பெருந்தன்மையோடு தன் தோளில் சுமந்தார்.' எழுதிவிட்டு நல்ல வரி என்று நானே ரசித்தேன். செயலாளர் படித்துவிட்டுக் கண் கலங்கியதாகச் சொன்னார். பிறகு சரிபார்க்க மேடத்துக்கு அனுப்பினார்.

இரண்டு நாளில் மேடத்திடமிருந்து போன். "ஒரு தடவை வந்துட்டுப் போறீங்களா?"

பணி முடிந்ததும் சொந்த ஊரிலேயே, பிறந்த தெருவிலேயே வீடு கட்டிக்கொண்டு இருக்கிறார். முழங்கால் வலி, அதனால் எழுந்திருக்கவில்லை. டீ வந்தது. என் கட்டுரை அவர் மடியில் இருந்தது. சிவப்புப் பேனாவால் ஒரே ஒரு வரிக்குக் கீழே கோடு.

"'செடி சேகரித்தவர்களின் கவனக்குறைவால்'னு போட்டிருக்கீங்க. யாரு சேகரிச்சா?"

நான் டீ டம்ளரைக் கீழே வைத்தேன்.

"நோட்டுல நீங்கன்னு இருக்கு" என்றார்.

"நான் பறிக்கல மேடம். ஆள் விட்டுப் பறிச்சேன். பிளாஸ்டிக் ஷீட்டுலதான் காயப் போட்டேன். உங்ககிட்ட மூணு தடவையும் பொய் சொன்னேன்."

இதைச் சொல்ல எனக்கு முப்பது வருடத்துக்கு மேல் ஆகியிருக்கிறது. அவர் அதிர்ச்சியடைவார், திட்டுவார், பிறகு ஒருவேளை மன்னிப்பார் என்றெல்லாம் மனதுக்குள் எத்தனையோ தடவை ஓட்டிப் பார்த்திருக்கிறேன். அவர் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை.

"தெரியும்" என்றார். "பறிச்ச எட்டுப் பேருல ஒருத்தங்க எங்க அத்தை. உங்க ஊர்லதான் வாக்கப்பட்டாங்க. அந்த லெட்டர் வந்ததும் நேரா அத்தை வீட்டுக்குத்தான் போனேன்."

அவரே தொடர்ந்தார்.

"நான் செடி பறிக்கப் போனா அத்தையும் கூட வருவாங்க. துணியிலதான் போடணும்னு அவங்களுக்குத் தெரியும். அன்னிக்கு வீட்டுக்கு ஓடிப்போய் ரெண்டு வேட்டிய எடுத்துக்கிட்டு வந்திருக்காங்க. 'சின்னய்யா, ஷீட்டுல போடாதீங்க, துணியில போடுவோம்'னு உங்ககிட்டயே சொல்லியிருக்காங்க. நீங்க என்ன சொன்னீங்கன்னு ஞாபகம் இருக்கா?"

இல்லை. எவ்வளவு யோசித்தும் அப்படி ஒரு பெண் என் நினைவிலேயே இல்லை. மோட்டார் கொட்டகை நினைவிருக்கிறது, பத்திரிகையின் அட்டைப்படம்கூட நினைவிருக்கிறது.

"'ஒன் வேலயப் பாரு'ன்னு சொன்னீங்களாம்."

அந்த அத்தை மீதுதான் கவனக்குறைவு என்று நான் பழி போட்டிருக்கிறேன். அதுவும் அச்சில் ஏறப்போகும் எழுத்தில். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. "அப்பவே ஏன் மேடம் சொல்லல? என்னைக் கிழிச்சிருக்கலாமே" என்றேன்.

"அத்தை உங்கப்பாகிட்ட ரெண்டு மா நிலம் வாய்க்குத்தகைக்கு வச்சிருந்தாங்க. எழுத்து கிடையாது, பதிவு கிடையாது. 'சின்னய்யா மேல பிராது கொண்டுபோனா யாரு சொன்னான்னு தேடுவாங்க, நெலத்தப் புடுங்கிடுவாங்க, நீ படிச்சவ, எப்படியும் பொழச்சிப்ப'ன்னு அழுதாங்க. அதான் வாயை மூடிக்கிட்டேன். ரெண்டு வருசம் கழிச்சு விக்கப் போறோம்னு உங்கப்பா எப்படியும் அதத் திரும்ப வாங்கிட்டாரு. அது வேற விஷயம்." பேனாவை எடுத்து ஒரு வார்த்தையை அடித்தார். "அதனால இந்தப் பெருந்தன்மை வேணாம். அது பெருந்தன்மை இல்ல. பயம்."

அந்த நிலத்தை விற்றது எனக்கு நினைவிருக்கிறது. நான் வெளிநாடு போவதற்காக விற்றது. அதை அவரிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

"அத்தை இருக்காங்களா மேடம்?"

"போய்ச் சேந்து ஏழெட்டு வருசமாச்சு."

மன்னிப்புக் கேட்டேன். என்ன வார்த்தை சொன்னேன் என்று தெரியவில்லை, அவர் அதற்குப் பதிலும் சொல்லவில்லை. கடைசியில், "விழா மேடையில எல்லாத்தையும் ஒத்துக்கிடறேன் மேடம்" என்றேன்.

"வேணாம்." அவர் குரல் முதன்முறையாக உயர்ந்தது. "மேடையில நீங்க ஒத்துக்கிட்டா உங்களத்தான் பாராட்டுவாங்க. எனக்கு வேண்டியது ரெண்டு. அந்தக் கட்டுரை வந்த பத்திரிகைக்கு நீங்க ஒரு லெட்டர் எழுதுங்க, மாதிரியை நான்தான் இப்படிப் பண்ணினேன், பறிச்சவங்க தப்பு இல்லன்னு. தப்பு பதிவாயிருக்கறது அங்கதான். மேடையில பத்து நிமிசம் குடுக்கிறாங்கல்ல, அதுல என் வேலையச் சொல்லுங்க. அந்தக் கசப்பு எப்படிக் கட்டியிருக்குன்னு எப்படிக் கண்டுபிடிச்சேன், அத தமிழ்ல, எல்லாருக்கும் புரியற மாதிரி. இந்த ஊரு பக்கம் அதச் சொல்ல உங்கள விட்டா ஆளு இல்ல."

அதுதான் அவர் என்னிடம் கேட்டது. இத்தனை வருடத்தில் கேட்ட ஒரே விஷயம். சரி என்று வாக்குக் கொடுத்தேன். வீட்டுக்கு வந்து அந்த மூலக்கூற்றைப் பெரிய சார்ட்டில் கலர் கலராக வரைந்தேன். எந்தத் துண்டு எப்படி உடைந்தது, எப்படித் திரும்பக் கட்டினார் என்று, என் மனைவிக்கே புரிகிற மாதிரி சொல்லிப் பார்த்தேன். மலரில் அந்த வரியை எடுத்துவிட்டு 'மாதிரி பழுதானதால் கட்டுரை திரும்பப் பெறப்பட்டது' என்று மட்டும் போட்டேன். பத்திரிகைக்குக் கடிதம் எழுத உட்காரும்போதெல்லாம் ஏதாவது வேலை வந்தது.

விழா கல்லூரி அரங்கில். மேடத்தின் தெருவிலிருந்து ஒரு வேன் நிறைய ஆட்கள் வந்து முதல் நாலு வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். பெரும்பாலும் பெண்கள். சிறப்பு விருந்தினர் பேசும்போது, "யானைக்கும் அடி சறுக்கும் என்பதுபோல் அம்மையாருக்கும் இளமையில் ஒரு சறுக்கல்" என்று சொல்லிச் சிரித்தார். எனக்குச் சுருக்கென்றது. அதற்குப் பிறகு என் முறை.

அந்தச் சறுக்கல் பேச்சால்தான் நான் வாக்கை மீறினேன் என்று வீட்டில் சொல்லி வைத்திருக்கிறேன். அது சாக்கு. மைக் முன்னால் நின்றதும், அத்தனை முகங்களைப் பார்த்ததும், உள்ளே கிடந்தது தானாகக் கிளம்பியது. செடியை நான் பறிக்கவில்லை என்றேன். ஷீட்டைச் சொன்னேன், லாட்ஜில் வேட்டி மாற்றியதைச் சொன்னேன், கேன்டீனில் குடித்த டீயைச் சொன்னேன். அத்தையைச் சொல்லும்போது குரல் உடைந்தது. உடைந்த குரல் அரங்கில் நன்றாக எடுபடுகிறது என்பதும் எனக்கே தெரிந்தது. ஒரு நிமிடம் அது எனக்கு இனித்தது. இந்த முழுக் கதையிலும் எனக்கு மிக வெட்கமான இடம் அதுதான். பத்து நிமிடம் முடிந்து மணி அடித்தார்கள். சார்ட்டைப் பிரிக்கவே இல்லை.

அரங்கம் எழுந்து நின்று கைதட்டியது. சிறப்பு விருந்தினர் என்னைக் கட்டிக்கொண்டார். "இந்தக் காலத்துல இப்படி ஒரு மனுசனா!" என்றார் செயலாளர். நிருபர் ஒருவர் என்னைத் தனியாக நிறுத்திப் படம் எடுத்தார். மேடம் மேடையில் சால்வையோடு உட்கார்ந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் ஏற்புரை சொல்ல எழுந்தபோது பாதிப்பேர் சாப்பாட்டுப் பக்கம் போயிருந்தார்கள். நன்றி என்று இரண்டு வார்த்தை சொல்லி உட்கார்ந்துவிட்டார்.

வாசலில் வேன் கிளம்பத் தயாராக இருந்தது. மேடம் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஏறிக்கொண்டிருந்த ஒரு பெண் என்னைக் காட்டி, "நல்ல மனசுக்கார ஐயா" என்று பக்கத்திலிருந்தவரிடம் சொன்னது என் காதில் விழுந்தது. நான் மேடத்தின் அருகில் போனேன்.

"பத்திரிகைக்கு லெட்டர் போட்டுட்டீங்களா?" என்று கேட்டார்.

"இன்னும் இல்ல மேடம்."

தலையை ஆட்டிக்கொண்டார். கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் தாங்கியிருப்பேன்.

"இவங்கள்ளாம் காலையிலேயே சமைச்சு வச்சிட்டு, வேலய விட்டுட்டு வந்தாங்க" என்றார். "இத்தனை வருசமா நான் அந்த ரூமுக்குள்ள அப்படி என்னதான் செஞ்சேன்னு இன்னிக்காவது கேட்டுக்கலாம்னு."

ஒருத்தி உள்ளேயிருந்து கைகொடுத்தாள். மேடம் முழங்காலைப் பிடித்துக்கொண்டு ஏறினார். வேன் கிளம்பிவிட்டது.